பாட்டம்

மாசி பிறந்து மாமரங்கள் பூவெடுத்துவிட்டால் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்துத் தோப்புக்காரர்கள் காதில் ஒரே கேள்விதான் விழும்: "என்ன அண்ணாச்சி, தோப்பு பாட்டம் பேசியாச்சா?" வயலைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்கூடத் தோப்பைப் பாட்டத்துக்கு விட்டிருப்பதாகத்தான் சொல்வார். நாஞ்சில் நாட்டிலும் இதே பேச்சு. காவிரிக் கரையிலோ சென்னையிலோ 'பாட்டம்' என்றால் சட்டென்று விளங்காது. ஒரு பாட்டம் மழை, ஒரு பாட்டம் அழுகை என்பவைதான் நினைவுக்கு வரும். தோப்புப் பாட்டம் தெற்கத்திச் சொல். ஆனால் அது வட்டார வழக்காகப் பிறந்தது அன்று. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் அரசின் கணக்குச் சொல்லாகத் தமிழகம் முழுவதும் வழங்கி, பின் ஊர் ஊராகப் பின்வாங்கி, இந்த மலையடிவாரத்தில் வந்து தங்கிய சொல் அது. அந்தப் பயணத்தைத் தொடர்ந்தால் கோயில் நிலத்தின் வரலாறு முழுவதும் கூடவே வருகிறது.

முதலில் பாட்டம் என்னும் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பாட்டக்காரர் தோப்புக்குள் நடந்து பூவையும் பிஞ்சையும் பார்த்து, மரத்துக்கு மரம் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். தோப்புக்காரர் ஏற்றுக்கொண்டால் முன்பணம் கைமாறுகிறது. அன்று முதல் அந்தப் பருவத்துக் காய் பாட்டக்காரருடையது. காவலுக்கு ஆள் போடுவது, பறிப்பது, சந்தைக்கு ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் இறங்கும் காற்று கிளையோடு முறித்துப் போட்டாலும் நட்டம் அவருக்குத்தான். தென்னை என்றால் ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு வெட்டு. எத்தனை வெட்டு என்று பேசிக்கொள்வார்கள். புளி என்றால் பங்குனியில் உலுக்கி முடிப்பதோடு தீர்ந்தது. மண் எப்போதும் தோப்புக்காரருடையதே. மரத்தடியில் நின்றாலும் பாட்டக்காரருக்கு மண்ணில் ஒரு பிடி உரிமையும் கிடையாது. பலனுக்கு மட்டுமான உரிமை, ஒரு காலத்துக்கு மட்டும், ஒரே தொகைக்கு. இந்த மூன்று கூறுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம்.

கல்வெட்டுகளில் பாட்டம் என்றால் பெரும்பாலும் வரி. அங்காடிப்பாட்டம் என்பது கடைகள் செலுத்தியது. மீன்பாட்டம் ஏரி, குளத்து மீனுக்கு. பாசிப்பாட்டம் என்றும் ஒன்று உண்டு. அதுவும் மீன்பிடிப்பைச் சார்ந்தது. தட்டார்ப்பாட்டம் பொற்கொல்லர் கொடுத்தது. 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டுகளில் ஓர் ஊரைக் கோயிலுக்கு இறையிலியாக விடும்போது, இனி அரசுக்குச் செலுத்த வேண்டாத வரிகளை ஒரே மூச்சில் அடுக்குவார்கள். கடமை, அந்தராயம், வெட்டிப்பாட்டம், பஞ்சுபீலி, தறியிறை, செக்கிறை, தட்டொலிப்பாட்டம், இடையர்வரி, இனவரி என்று அந்த வரிசை நீளும். வெட்டிப்பாட்டம் என்பது கூலியில்லா வெட்டி வேலைக்கு ஈடாக வாங்கப்பட்டது. தட்டொலிப்பாட்டம் தட்டும் ஓசை எழுந்த பட்டறைகளின் மேல் விழுந்த வரி என்று கொள்வர். அதிகாரியின் பேனா எவ்வளவு நுணுக்கமாகச் சுத்தியல் ஓசை வரைக்கும் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்த வரிசையைப் படிக்கப் படிக்க ஓர் ஊரில் யார் யார் என்னென்ன தொழில் செய்தார்கள் என்பதே கண்முன் வந்துவிடும்.

சொல்லின் பிறப்பு என்ன? மலபார் மாவட்டத்துக்குக் கையேடு எழுதிய வில்லியம் லோகன் அதைப் பாடு, வாரம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கையாகப் பிரித்தார். மேலதிகாரம் உடையவனின் பங்கு என்று பொருள் கண்டார். 1887இல் வெளிவந்த அந்தக் கையேட்டைப் பின்பற்றிப் பலரும் இதையே சொல்லிவருகிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று படுகிறது. ஆடு, ஆட்டம், ஓடு, ஓட்டம், கூடு, கூட்டம், வாடு, வாட்டம், நாடு, நாட்டம். இந்த வாய்பாட்டில் பாடு என்பது பாட்டம் ஆவது தமிழுக்கு இயல்பு. வாரம் என்ற இன்னொரு சொல்லை உள்ளே திணிக்க வேண்டியதில்லை.

பாடு எது? படு என்ற வினையின் நீட்சி. படுதல் என்றால் விழுதல், அகப்படுதல், ஒருவர்மேல் வந்து சேர்தல். நம் கடற்கரையில் வலையில் அகப்பட்ட மீனை மீன்பாடு என்பார்கள், "இன்னைக்குப் பாடு எப்படி?" என்றால் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார்கள். அவரவர்க்கு வந்து விழுந்தது அவரவர் பாடு. அப்படியானால் பாட்டம் என்பது ஒருவர் பங்குக்கு வந்து விழுவது. அரசனுக்கு விழ வேண்டியது அரசனின் பாட்டம். ஒரு பாட்டம் மழை என்பதும் இதே விழுதலிலிருந்து வந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. குற்றாலத்துச் சாரலில் நனைந்தபடி யோசித்தால் அந்த எண்ணம் இன்னும் இனிக்கிறது. ஆனால் ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து இரண்டையும் ஒரே சொல்லாக முடிச்சுப்போட நான் துணியமாட்டேன். மீன்பாட்டம் என்ற கல்வெட்டுச் சொல்லும் மீன்பாடு என்ற கடற்கரைச் சொல்லும் பக்கம் பக்கமாக நிற்பது வேறு விஷயம். அங்கே பொருளும் சேர்ந்து வருகிறது.

வரியைக் குறித்த சொல் எப்படி வாடகைக்கு வந்தது என்பதுதான் இந்தக் கதையின் நடு முடிச்சு. அதை அவிழ்க்க, கோயிலுக்கு நிலம் கொடுத்தான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் செயலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஓர் அரசன் ஓர் ஊரைத் தேவதானமாகக் கொடுத்தான் என்றால், அந்த ஊர் மண்ணை அள்ளிச் சந்நிதியில் வைத்தான் என்று பொருளில்லை. அந்த ஊரில் ஏற்கெனவே உழுதுகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்; அறுவடை நடந்தது; களத்தில் அரசின் பங்கு அளக்கப்பட்டது. அந்தப் பங்கைத்தான் அவன் கொடுத்தான். நேற்றுவரை அரசுப் பண்டாரத்துக்குப் போன நெல் இன்றுமுதல் கோயில் பண்டாரத்துக்குப் போகும். களம் அதே களம், மரக்காலும் அதே மரக்கால்தான். பெறுகிறவர் மட்டும் மாறினார். அரசன் வாங்கினால் அது வரி. அதையே சாமி வாங்கும்போது, நிலத்துக்கு உடையவர் என்ற முறையில் வாங்குவதாக ஆகிறது. வரி வாடகையாக மாறுவதற்குச் சட்டம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. ஓர் இறையிலி சாசனம் போதும். பாட்டம் என்ற சொல்லும் அந்த நெல்லின் பின்னாலேயே கோயிலுக்குள் போயிற்று என்பது என் கணிப்பு.

உழுதவர் நிலை என்ன ஆயிற்று? இதைக் கல்வெட்டுகளே வகைப்படுத்துகின்றன. குடிநீக்கித் தேவதானம் என்றால் முன்னிருந்தவர்களின் உரிமையை நீக்கிவிட்டுக் கொடுத்தது. குடிநீங்காத் தேவதானம் என்றால் உழுகிறவர் அப்படியே இருப்பார், அவர் செலுத்துவது மட்டும் கோயிலுக்குத் திரும்பும். ஒரே ஓர் எதிர்மறை எழுத்தில் ஓர் ஊர்க் குடிகளின் வாழ்வு அடங்கியிருந்தது. கல்வெட்டுப் பாடத்தை அச்சில் வாசிக்கும்போது நாம் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். எனக்கு ஒவ்வொரு முறையும் இங்கேதான் கண் நிற்கிறது.

பாண்டியர் செப்பேடுகள் இதற்கு இன்னொரு சொல்லிணை வைத்திருக்கின்றன: காராண்மை, மீயாட்சி. உழுது பயிரிடும் உரிமை காராண்மை; அதற்கு மேலிருந்து பங்கு பெறும் உரிமை மீயாட்சி. மீ என்றால் மேல். கொடை முழுமையானது என்றால் காராண்மையும் மீயாட்சியும் உள்ளடங்கக் கொடுத்ததாக எழுதுவார்கள். ஒரே நிலத்தின் மேல் இரண்டு அடுக்காக உரிமை இருக்கலாம், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கொடுக்காமல் இருக்கலாம் என்ற தெளிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் சேர நாட்டில், கோயில் நிலத்தை உழுகிறவர்களைக் கோயில் காரியக்காரர்கள் தொந்தரவு செய்யாமலிருக்க மூழிக்களக் கச்சம் என்ற ஒழுங்கையே ஏற்படுத்தினார்கள். கட்டுப்பாடு போட வேண்டியிருந்தது என்றால், காரியக்காரர்கள் கைவைத்த கதைகளும் இருந்திருக்க வேண்டும்.

இதே நூற்றாண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில் நடந்ததையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. 1099இல் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்தார்கள். தமிழகத்தில் அப்போது முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. சுங்கம் தவிர்த்தவன் என்று பெயரெடுத்த அதே சோழன். எருசலேமில் கோட்ஃப்ரே என்ற தலைவர் திருக்கல்லறைக் கோயிலின் குருமாருக்கு 21 ஊர்களைக் கொடுத்தார். 1136இல் அரசர் ஃபுல்க், பெத்கிபெலின் என்ற கோட்டையை மருத்துவமனைத் துறவி வீரர்களின் சபைக்குக் கொடுத்தார். நோயாளிகளைப் பேணத் தொடங்கிய சபை அது. பிறகு ஆயுதமும் ஏந்தியது. அந்தச் சபை அங்கே குடிகளை அமர்த்தி, 1168இல் அவர்களுக்கு நிலம் பகிர்ந்து சாசனம் எழுதிக் கொடுத்தது; குடிகள் விளைச்சலில் ஒரு பங்கைச் சபைக்கு அளக்க வேண்டும். அரசன் கொடுக்க, சமய நிறுவனம் பெற்றுக்கொள்ள, குடியானவர் உழ, களத்தில் பங்கு பிரிய, இங்கே நடந்தது அங்கும் நடந்தது. ஆனால் ஐரோப்பாவில் அரசர்கள் விரைவிலேயே கலங்கினார்கள். கோயிலுக்குப் போன நிலம் திரும்பி வராது. அதற்குச் சாவில்லை, வாரிசுச் சிக்கல் இல்லை, அதனால் அரசனுக்கு வர வேண்டிய காணிக்கையும் இல்லை. இறந்தவனின் கைப்பிடி என்று அதற்குப் பெயரிட்டு, இங்கிலாந்தில் முதலாம் எட்வர்டு 1279இல் சட்டம் போட்டுத் தடுத்தார். நம் அரசர்களோ சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்படிக் கொடுத்தவர்களில் கடைசி வரிசைப் பாண்டியர்களின் ஊர் தென்காசி. மதுரை கைநழுவிய பின் தெற்கே ஒதுங்கிய அந்த மரபில், 1422இல் பட்டத்துக்கு வந்த அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446 வாக்கில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். சிற்றாற்றங்கரையில் வடகாசிக்கு ஒப்பாக ஒரு தென்காசி. கோபுர வேலை 1457இல் தொடங்கியது. அது முடியுமுன் 1463இல் அவன் காலமானான். தம்பி குலசேகரன் முடித்து வைத்தான். பராக்கிரமன் அந்தக் கோயிலில் பொறித்து வைத்த பாடல்கள் தமிழகத்தில் பலருக்கும் தெரிந்தவை: காலத்தால் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்துகிறவர் எவராயினும் அவரை வணங்குவதாக ஓர் அரசன் எழுதி வைத்திருக்கிறான்.

அந்தப் பாடலைப் பக்திக்கும் பணிவுக்கும் சான்றாக மட்டும் படிப்பது வழக்கம். எனக்கு அதில் ஒரு கணக்கு வழக்கும் தெரிகிறது. கோயில் கட்டுவது ஒரு தடவைச் செலவு. விளக்குக்கு எண்ணெய், நெய்வேத்தியத்துக்கு அரிசி, ஓதுவாருக்கும் மேளகாரருக்கும் படி, மழையில் ஒழுகும் தளத்துக்குச் சுண்ணாம்பு என்று நாள்தோறும் நடக்க வேண்டியதெல்லாம் நிலத்திலிருந்து வர வேண்டும். நிலத்தை உழுகிறவர் அளக்க வேண்டும். அளந்ததைக் கையாடாதவர் கணக்கெழுத வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் கோபுரம் நிற்காது என்று கட்டியவனுக்குத் தெரிந்திருக்கும். பின்னாளில் அந்தக் கோபுரம் சிதைந்து தலைமுறை தலைமுறையாக மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1990இல்தான் ஒன்பது நிலைகளோடு 178 அடியில் மீண்டும் எழுந்தது.

குற்றாலம் இன்னும் பழையது. குற்றாலநாதர் கோயிலில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பாண்டி நாட்டுக் கோயில்களில் விளக்குக்கு ஆடுகளை விடும் வழக்கத்தில் ஒரு நேர்த்தி உண்டு. நந்தாவிளக்குக்கு இத்தனை ஆடு என்று இடையரிடம் ஒப்படைப்பார்கள்; அவர் நாள்தோறும் இவ்வளவு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா? ஆடு சாகும், எண்ணிக்கை சாகாது. குட்டிகளைக் கொண்டு மந்தையை நிரப்பி எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் கடமை, மிஞ்சியது அவருடையது. முதல் கோயிலுக்கு, பலன் ஒப்பந்தக்காரருக்கு, நடுவில் நிலையான ஒரு செலுத்தம். கிட்டத்தட்ட ஒரு பாட்டம்தான். கால வரையறை மட்டும் இல்லை.

குற்றாலத்தைச் சொல்லிவிட்டு ஒரு கொடையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரையை ஆண்ட முத்து விசயரங்கச் சொக்கநாத நாயக்கர் (1706–1732) அதைப் போற்றி அவருக்கு நன்செய் நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர் விளங்கியது. அரசன் பெயரோ தெய்வத்தின் பெயரோ இல்லாமல் ஓர் இலக்கிய வகையின் பெயரைத் தாங்கிய வயல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. மலைக்காட்டில் குறி சொல்லித் திரியும் குறத்தியின் பேச்சு நெல் விளையும் மேடாக மாறியதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

நாயக்கர் காலத்துக்கு வந்துவிட்டோம். பாட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிய சொல்லின் காலமும் இதுதான். விசயநகர ஆட்சியின் கணக்கு வழக்குகளோடு குத்தகை என்ற சொல் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் தலையெடுக்கிறது. தெலுங்கில் குத்த, கன்னடத்தில் குத்திகெ, மூன்றிலும் பொருள் ஒன்றே: இவ்வளவு என்று முன்கூட்டியே கட்டிய மொத்தத் தொகை. குத்துமதிப்பு என்று நாம் சொல்வதில் உள்ள குத்தும் இதற்கு உறவுதான் என்று நினைக்கிறேன். அளக்காமல் மொத்தமாகப் பார்த்துச் சொல்வது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. மழை பொய்த்தால் இருவர் பங்கும் குறையும். குத்தகை என்றால் விளைந்தாலும் காய்ந்தாலும் சொன்ன தொகை. களத்தில் கோயிலின் ஆள் நின்று மரக்கால் பிடித்த காலம் போய், பேசிய தொகை கணக்குப்பிள்ளையிடம் வந்து சேரும் காலம் பிறந்ததைக் குத்தகை என்ற சொல்லின் பரவல் காட்டுகிறது.

அந்தச் சொல் மலை தாண்டிப் போய் வேறு முகம் கொண்டது. மலையாளத்தில் குத்தக என்றால் இன்று ஏகபோகம். பெருமுதலாளியைக் குத்தக முதலாளி என்பார்கள். நாமும் தமிழை மொத்தக் குத்தகைக்கு எடுத்தவர் போல என்று பேசுகிறோம், ஆனால் அகராதிப் பொருளாக அது நிலைக்கவில்லை. நாம் பயன்படுத்தும் ஏகபோகமும் நிலத்திலிருந்து எழுந்ததுதான்: ஓர் ஊர் முழுவதையும் ஒரே பிராமணர் அனுபவிக்கும்படி கொடுத்தால் அதற்கு ஏகபோகப் பிரமதேயம் என்று பெயர். வணிகக் கட்டுரைகளில் இந்தச் சொல்லைப் புழங்குகிறவர்கள் ஆயிரமாண்டு வயல் வரப்பின் மேல்தான் நடக்கிறார்கள்.

குத்தகை வந்த இடங்களிலெல்லாம் பாட்டம் நகர்ந்துகொடுத்தது. இதற்கு நல்ல சான்று குளத்து மீன். கல்வெட்டில் அது மீன்பாட்டம், பாசிப்பாட்டம். அந்த வருமானத்தை ஏரி தூர்வாரவும் கரை உயர்த்தவும் ஒதுக்கிய ஊர்கள் உண்டு. இன்று தென்காசிச் சுற்றுவட்டத்தில் குளத்தை ஏலம் விடும்போது அதன் பெயர் மீன்பாசிக் குத்தகை. பாசி என்ற முன்பாதி அசையாமல் அப்படியே இருக்க, பின்பாதியில் பாட்டம் போய்க் குத்தகை வந்து அமர்ந்திருக்கிறது. மீனுக்கு ஏன் பாசி என்று ஏலம் எடுக்கிறவர்களே கேட்பதுண்டு. கல்வெட்டுக் காலத்து வரிப்பெயரின் பாதியை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள்.

மலையின் மேற்கே நிலைமை நேர்மாறு. அங்கே பாட்டம்தான் நில உறவு முழுவதற்கும் தலைச்சொல் ஆயிற்று. வெறும்பாட்டம், காணப்பாட்டம் என்று வகை வகையாகப் பிரிந்தது. 1750 சனவரியில் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் அரசு முழுவதையும் பத்மநாப சுவாமிக்குத் திருப்படித்தானமாகக் கொடுத்து, தான் பத்மநாபதாசனாக நின்று ஆண்டார். ஒரு நாடு முழுவதும் தேவதானமானது போன்ற நிலை. 1811இல் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ, திருவிதாங்கூர்க் கோயில்கள் பலவற்றின் நிர்வாகத்தையும் நிலத்தையும் அரசின் பொறுப்பில் எடுத்தார். கோயிலுக்கு அளந்து வந்த குடிகள் அரசின் பாட்டக்காரர் ஆனார்கள். பண்டாரப்பாட்டம், பண்டாரவகை என்ற சொற்கள் ஆவணங்களில் நிறைந்தன. பிறகு 1865இல் வந்தது பண்டாரப்பாட்ட விளம்பரம் என்ற அரச அறிவிப்பு. அரசு நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்களுக்கு அந்த நிலத்தின் முழு உடைமையை அது கொடுத்தது. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். அரசுக்கு உரியதைச் செலுத்தினால் போதும்.

சொல்லின் கோணத்திலிருந்து பார்த்தால் இது ஒரு சுற்று முடிந்த இடம். அரசனுக்கு விழும் வரியாக இருந்தது, இறையிலிச் சாசனங்களால் கோயிலுக்கு விழும் வாடகையாயிற்று. கோயிலை அரசு எடுத்துக்கொண்டபோது அரசுக்கு விழும் வாடகையாயிற்று. 1865இல் குடியானவர் உடையவரானதும் அதே செலுத்தம் மறுபடியும் வரியாயிற்று. இத்தனை திருப்பத்திலும் களத்தில் நெல்லை அளந்தவர் ஒருவரே, அவருக்கு உரிமை வந்து சேரத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

அந்த விளம்பரம் வந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கே தென்காசி ஆங்கிலேயரின் திருநெல்வேலி மாவட்டத்தில். ஒரே தமிழ், ஒரே உறவுமுறை, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள், ஆனால் நிலத்தின் சட்டம் வேறு. மேற்கே ஒருவர் பாட்டம் என்றால் நிலத்தின் மேலான உரிமைப் பேச்சு. கிழக்கே வயலுக்குக் குத்தகையும் வாரமும் வந்து பொருந்திவிட்டதால், பாட்டத்துக்கு மிஞ்சிய இடம் மரம். அதற்கும் பழைய அடித்தளம் உண்டு. கொடைச் சாசனங்கள் நிலத்தின் நான்கெல்லையைச் சொன்ன பிறகு, மேல்நோக்கிய மரத்தையும் கீழ்நோக்கிய கிணற்றையும் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கும். மண்ணைக் கொடுத்ததால் மரமும் கொடுத்தாயிற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மரத்தின் பலன் தனி உரிமை, அதைத் தனியாகப் பேசலாம் என்பது இந்த மண்ணில் ஊறிய எண்ணம். கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப்பயிர்த் தோட்டம் போட்டதும், கிராம்பும் சாதிக்காயும் மங்குஸ்தானும் மலைச்சரிவில் வேரூன்றியதும் இந்த மரப்பேச்சுக்கு இன்னும் வேலை கொடுத்தன.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1970 சனவரி 1 முதல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வயல்மேல் இருந்த பழைய பாட்ட உறவைச் சட்டத்தில் முடித்துவைத்தது. தமிழ்நாட்டில் வேறு வழி. குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது. பொது அறக்கட்டளைகளின் விளைநிலத்துக்கு 1961இல் தனிச் சட்டம் வந்தது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவில், கோயில் சொத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட வேண்டுமானால் ஆணையரின் அனுமதி வேண்டும் என்கிறது, அனுமதியில்லாதது செல்லாது. சூரிய சந்திரர் உள்ளவரை எழுதிய கோயில்களின் கையை ஐந்தாண்டு எல்லைக்குள் கொண்டுவந்தது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நீண்ட குத்தகையில் கோயில் நிலம் எவ்வளவு சுருங்கியது என்று பழைய அடங்கல்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சட்டத்தின் மொழியில் வயல், தோப்பு, கடை, குளம் எல்லாம் குத்தகை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போய்விட்டன. பலனுக்கு உரிமை வேறு, மண்ணுக்கு உரிமை வேறு என்று ஊர் வைத்திருந்த பிரிவு அந்தச் சொல்லில் இல்லை.

இரண்டு மாநிலமும் இன்று சேர்ந்து வாசிக்கும் ஒரு பத்திரத்தில் இந்த இரு சொல்லும் நேருக்கு நேர் நிற்கின்றன. 1886 அக்டோபர் 29 அன்று, திருவிதாங்கூர் திவான் ராமையங்காரும் ஆங்கிலேய அரசின் தரப்பில் ஹானிங்டனும் பெரியாற்று நீர்ப்பரப்புக்காக எழுதிய ஒப்பந்தம் அது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், காலம் 999 ஆண்டு. நாம் அதை முல்லைப் பெரியாறு குத்தகை ஒப்பந்தம் என்கிறோம். மலையாளத்தில் அது பாட்டக்கரார். 1970 மே மாதம் அதைத் திருத்தி எழுதியபோது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. தமிழ் நாளேடுகள் அந்தப் பணத்தைக் குத்தகைத் தொகை என்றும், மலையாள நாளேடுகள் பாட்டத்தொகை என்றும் எழுதுகின்றன.